ரெங்கத்தைச் சுற்றி இரண்டு நாள்

வாசிப்புப் பகுதி: வட்டார வரலாறும் இயற்கையும்

விடுமுறை வந்ததும் நம்மில் பலர் தொலைவில் உள்ள ஊர்களைப் பற்றியே பேசுகிறோம். பினாங்கு, லங்காவி, கேமரன் மலை எனப் பட்டியல் நீள்கிறது. வாய்ப்புள்ளவர்கள் கடல் கடந்தும் செல்கின்றனர். “நம் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?” என்று கேட்டால், “ஒன்றுமில்லை” என்பதே பெரும்பாலும் விடையாக வரும். இக்கரைக்கு அக்கரைப் பச்சை என்று முன்னோர் சொன்னது பயணத்திற்கும் பொருந்தும்.

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் உள்ள சிறுநகரம் ரெங்கம். இப்பெயரைக் கேட்டதும் தமிழர் பலருக்குத் திருவரங்கம் நினைவுக்கு வரலாம். ஆனால், இங்கே காவிரியும் இல்லை. வானளாவிய கோபுரமும் இல்லை. ஓர் இரயில் நிலையம், சில கடைத்தெருக்கள், ஊரைச் சூழ்ந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்பனைத் தோட்டங்கள். மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் படுவது இவ்வளவுதான். இருப்பினும், இவ்வூரிலிருந்து ஒரு நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் ஒரு போரின் தடம், ஒரு தொழிலின் வரலாறு, இரண்டு மலைகள், பழமையான ஒரு மழைக்காட்டிற்குச் செல்லும் வழி ஆகியவை இருக்கின்றன. இப்பகுதியில் அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம். இரண்டு நாள்களை ஒதுக்கினால் இவற்றுள் பெரும்பாலானவற்றை நீங்களே நேரில் பார்க்கலாம்.

இரயில் பாதையிலிருந்து தொடங்குவோம்

ரெங்கத்தின் கதையை இரயில் பாதையிலிருந்து தொடங்குவதே பொருத்தம். ஜொகூர் மாநில இரயில் பாதை 1909ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. வடக்கே கெமாசையும் தெற்கே ஜொகூர் பாருவையும் அது இணைத்தது. அதற்கு முன்னர் ஜொகூரின் உட்பகுதி பெரும்பாலும் அடர்ந்த காடாகவே இருந்தது. மக்களும் சரக்குகளும் ஆற்று வழியாகவே உள்ளே சென்று வந்தனர். இரயில் வந்த பிறகு காட்டின் நடுவே நிலையங்கள் தோன்றின. நிலையத்தை ஒட்டிக் கடைகள் வந்தன. கடைகளைச் சுற்றித் தோட்டங்கள் விரிந்தன. லாபிஸ், பெகோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் என அப்பாதையில் உள்ள ஊர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். நூலில் கோத்த மணிகளைப் போல அவை ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருப்பது விளங்கும்.

இப்பாதை வழியாகத்தான் நம் முன்னோர் பலர் இவ்வட்டாரத்திற்கு வந்து சேர்ந்தனர். தமிழகத்தின் சிற்றூர்களில் கங்காணிகள் ஆள் சேர்த்தனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் மலாயாவின் துறைமுகங்களில் இறங்கினர். பின்னர் இரயிலேறி, முன்பின் அறியாத ஒரு நிலையத்தில் இறங்கித் தோட்டத்திற்கு நடந்து சென்றனர். 1938ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் இவ்வாறு உதவித்தொகை கொடுத்து ஆள் அனுப்புவதைத் தடை செய்யும் வரை இந்த வருகை தொடர்ந்தது.

அண்மைக் காலத்தில் கெமாசுக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே 192 கிலோமீட்டர் நீளத்திற்கு மின்சார இரட்டைத் தண்டவாளம் அமைக்கப்பட்டது. பயணம் விரைவாகிறது, அது நாட்டிற்கு நன்மையே. அதே வேளையில், பழைய ஒற்றைத் தண்டவாளப் பாதையின் காட்சியும் மாறிவிட்டது. உங்கள் வீட்டில் பழைய நிலையத்தின் படம் ஏதேனும் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். அதுவும் ஒரு வரலாற்று ஆவணமே.

குளுவாங்: வௌவால் பெயர் கொண்ட ஊர்

ரெங்கத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் குளுவாங் நகரம் உள்ளது. ‘கெலுவாங்’ என்னும் மலாய்ச் சொல் பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும். ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தில் அவை கூட்டங்கூட்டமாக வாழ்ந்ததால் ஊருக்கு அப்பெயர் வந்தது. இறக்கைகளை விரித்தால் ஒன்றரை மீட்டர் அகலம் வரை இருக்கக்கூடிய பெரிய உயிரினம் அது. பழங்களைத் தின்று விதைகளைத் தொலைவில் போடும். மலருக்கு மலர் சென்று மகரந்தம் சேர்க்கும். காட்டை மறுபடியும் நட்டு வைக்கும் சம்பளமில்லாத் தொழிலாளி அது என்று சொன்னாலும் தவறில்லை. காடுகள் அழிந்ததாலும் வேட்டையாடப்பட்டதாலும் அதன் எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஊரின் பெயரில் வாழும் உயிர், ஊரில் அரிதாகிவிட்டது. இதையும் பயணத்தின்போது நினைத்துப் பார்க்க வேண்டும்.

குளுவாங் இரயில் நிலையத்தில் 1938ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட காப்பிக்கடை நாடு முழுவதும் அறியப்பட்டது. ஹைனான் தீவிலிருந்து வந்த சீனக் குடும்பத்தினர் அதனைத் தொடங்கினர். கரியடுப்பில் வாட்டிய ரொட்டி, காயா, கெட்டிக் காப்பி ஆகியவையே அதன் அடையாளம். இரயிலுக்குக் காத்திருந்த பயணிகள், இரயில்வே ஊழியர்கள், தோட்டத்திலிருந்து நகரத்திற்கு வந்தவர்கள் எனப் பல இனத்தவரும் ஒரே மேசையைப் பகிர்ந்து கொண்ட இடங்களாக அன்றைய நிலையக் கடைகள் விளங்கின. வரலாற்றுச் சின்னம் என்றால் கோட்டையாகவோ அரண்மனையாகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு காப்பிக்கடையும் வரலாற்றைச் சொல்லும்.

பெயர்ப்பலகை இல்லாத போர்க்களம்

ரெங்கத்திற்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள இரயில் பாதை 1942ஆம் ஆண்டு சனவரி மாத இறுதியில் போர்க்களமாக இருந்தது. ஜப்பானியப் படைகள் தீபகற்பத்தின் வடக்கிலிருந்து வேகமாக இறங்கி வந்தன. பிரிட்டிஷ் தலைமையிலான படைகள் சிங்கப்பூரை நோக்கிப் பின்வாங்கின. இந்த இரயில் பாதை நெடுகப் பின்வாங்கியது 9ஆவது இந்தியப் படைப்பிரிவு ஆகும். அதில் இருந்த வீரர்களுள் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்த இளைஞர்கள்.

குளுவாங்கிற்கு வடக்கே உள்ள நியோர் என்னும் இடத்தில் சீக்கியப் படையினர் துப்பாக்கி முனையில் ஈட்டிக் கத்தியைப் பொருத்திக் கொண்டு எதிரியை நேருக்கு நேர் தாக்கினர். ஜப்பானியருக்கு அங்குக் கடும் இழப்பு ஏற்பட்டது. ஆயினும், மொத்தப் படையும் பின்வாங்க வேண்டிய நிலையில் இருந்ததால், அவ்வெற்றியால் போரின் போக்கு மாறவில்லை. குளுவாங்கும் அதன் விமானத்தளமும் ஜப்பானியர் வசமாயின.

அடுத்த சில நாள்களில் பெருந்துயரம் நிகழ்ந்தது. லாயாங்-லாயாங் அருகே இருந்த இரயில் பாலம் உரிய நேரத்திற்கு முன்னரே தகர்க்கப்பட்டது. அதனால், பின்னால் வந்து கொண்டிருந்த 22ஆவது இந்தியப் படையணிக்கும் மற்றப் படைகளுக்கும் இடையே தொடர்பு அறுந்தது. என்ன நடந்தது என்று நேரில் அறிய இரயில் பாதை வழியே முன்னேறிச் சென்ற படைப்பிரிவின் தலைவர் மேஜர் ஜெனரல் பார்ஸ்டோ, சனவரி 28ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். வழி அடைபட்ட படையணி, காயமுற்றவர்களைச் சுமந்து கொண்டு காட்டுக்குள்ளும் தோட்டங்களுக்குள்ளும் வழி தேடி நடந்தது. உணவில்லை, வரைபடம் இல்லாத காடு, எதிரி நாற்புறமும். பிப்ரவரி முதல் நாள், எஞ்சியவர்களுள் பெரும்பாலோர் சரணடைந்தனர். அதற்கு இரண்டு வாரங்களுக்குப் பிறகு, பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூரும் வீழ்ந்தது.

இன்று அவ்வழியே இரயிலில் செல்லும் ஒருவர் இருபுறமும் செம்பனை மரங்களையே காண்பார். ஒரு பாலத்தைக் கடக்க ஒரு நொடி போதும். ஆயினும், இந்த வரலாற்றை அறிந்தவருக்கு அந்த நொடி நீளமானது.

போர் அத்துடன் முடிந்துவிடவில்லை. படை வீரர்களைத் தொடர்ந்து தோட்ட மக்களின் துன்பம் தொடங்கியது. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதையை அமைத்தனர். 1943 அக்டோபரில் அது முடிவடைந்தது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பெருந்தொகையான தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். சிலர் நல்ல கூலி கிடைக்கும் என்ற சொல்லை நம்பிச் சென்றனர். பலர் வலுக்கட்டாயமாக ஏற்றப்பட்டனர். காலரா, மலேரியா, பசி, அடி ஆகியவற்றால் எண்ணற்றோர் மாண்டனர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளான வீரர்களுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்களுள் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லை.

எனவே, “சயாமுக்குப் போன தாத்தா திரும்பி வரவே இல்லை” என்று உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னால், அதனைப் பழங்கதை என்று கடந்து விடாதீர்கள். அந்தத் தாத்தாவின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். அவருக்கு வேறு எங்கும் கல்வெட்டு இல்லாமல் இருக்கலாம்.

இரப்பரிலிருந்து செம்பனைக்கு

ரெங்கத்தைச் சுற்றியுள்ள நிலம் முதலில் இரப்பர் நிலமாக இருந்தது. விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்துவிட்டு, உளியோடு நிரைக்குப் போனவர்களின் உழைப்பால் அது செழித்தது. குளிர்ந்த காலை நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். ஆதலால், சூரியன் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் தூக்கி வந்து நிறுத்துக் கொடுப்பர். இச்சொற்களுள் எத்தனை உங்களுக்குத் தெரியும்? தொழில் மறையும்போது அதற்குரிய சொற்களும் மெல்ல மறைகின்றன.

பெரிய தோட்டங்கள் பல பிரிட்டிஷ் நிறுவனங்களுக்குச் சொந்தமாக இருந்தன. அவற்றுள் ஒன்று, அலெக்சாண்டர் குத்ரி என்பவர் 1821ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கிய குத்ரி நிறுவனம். அவர் ஸ்காட்லாந்தில் பிரெகின் என்னும் சிறுநகரத்தின் வட்டாரத்தைச் சேர்ந்தவர். பிரெகினில் ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட உருண்டை வடிவக் கல் கோபுரம் ஒன்று பேராலயத்தை ஒட்டி நிற்கிறது. ஸ்காட்லாந்தின் பெருநிலப்பகுதியில் அத்தகைய கோபுரங்கள் இரண்டே எஞ்சியுள்ளன. அதைக் காண இன்றும் பயணிகள் செல்கின்றனர். அவ்வூரார் தங்கள் கோபுரத்தைப் போற்றிக் காப்பது பாராட்டத்தக்கது. நம் வட்டாரத்தில் அத்தகைய கல் கோபுரம் இல்லை. நம் முன்னோர் கட்டியவை பலகை லயங்களும் தகரக் கூரைக் கோயில்களும்தாம். கல் நிற்கும், பலகை உளுத்துப் போகும். அதனால்தான் நாம் இன்னும் கூடுதல் கவனத்தோடு நம் வரலாற்றைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இரப்பர் விலை வீழ்ந்தபோது தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. லாயாங்-லாயாங் வட்டாரத்தில் உள்ள உலு ரெமிஸ் தோட்டத்தின் பெயர் உலகச் செம்பனை ஆய்வாளர்களுக்கு நன்கு தெரியும். அங்கே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட தாய்மரங்களின் வழி வந்த விதைகள் பல இடங்களுக்குச் சென்றன. அத்தாய்மரங்களின் மூலமோ, 1848ஆம் ஆண்டு ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்ட நான்கே நான்கு கன்றுகள்.

ஒரு சிறு வண்டின் வருகை

குளுவாங் மாவட்டம் செம்பனை வரலாற்றில் மற்றொரு வகையிலும் இடம்பெற்றுள்ளது. செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் தனித்தனியே தோன்றும். ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவைச் சேர்ந்தால்தான் காய் பிடிக்கும். காற்றே இவ்வேலையைச் செய்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால், நம் நாட்டில் காற்றால் மட்டும் போதிய காய் பிடிக்கவில்லை. அதனால், தோட்டங்களில் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆண் பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, டால்க் தூளுடன் கலந்து, ஒவ்வொரு பெண் பூவிலும் கையால் தூவினர். முள் நிறைந்த மட்டைகளுக்கு இடையே, மரம் மரமாகச் சென்று செய்ய வேண்டிய வேலை அது.

செம்பனையின் தாயகமான மேற்கு ஆப்பிரிக்காவில் யாரும் கையால் மகரந்தம் தூவுவதில்லை. ஆனாலும் காய் நன்றாகப் பிடிக்கிறது. ஏன்? இக்கேள்விக்கு விடை தேடப் பூச்சியியல் அறிஞர் இரகுமான் சையத் கேமரூனில் ஆய்வு செய்தார். ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு கூன்வண்டு இப்பணியைச் செய்வதைக் கண்டறிந்தார். அவ்வண்டு ஆண் பூவில் முட்டையிட்டுப் பெருகுகிறது. பெண் பூவும் அதேபோன்ற மணத்தை வீசுவதால் ஏமாந்து அங்கேயும் செல்கிறது. அப்போது அதன் உடலில் ஒட்டிய மகரந்தம் பெண் பூவில் உதிர்கிறது.

அவ்வண்டால் வேறு பயிர்களுக்குத் தீங்கு வருமா என்று கவனமாகச் சோதிக்கப்பட்டது. அதன்பின், 1981ஆம் ஆண்டு குளுவாங்கில் யூனிலிவர் நிறுவனத்தின் பாமோல் தோட்டத்தில் வண்டுகள் முதன்முதலாக விடப்பட்டன. சில காலத்திலேயே அவை நாடெங்கும் பரவின. காய்ப்பு உயர்ந்தது, கையால் மகரந்தம் தூவும் வேலை தேவையற்றதானது.

இந்நிகழ்வை இரு கோணங்களில் பார்க்கலாம். நாட்டின் வருமானம் பெருகியது. கடினமான ஒரு வேலையிலிருந்து பெண்கள் விடுபட்டனர். இது நன்மை. அதே வேலையின் கூலியை நம்பி அடுப்பெரிந்த வீடுகளும் இருந்தன. அவர்களுக்கு அது இழப்பு. ஓர் அறிவியல் கண்டுபிடிப்பைப் பற்றிப் படிக்கும்போது இவ்விரண்டு பக்கங்களையும் எண்ணிப் பார்ப்பதே நடுநிலையான சிந்தனை.

அதே 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், மலேசியாவின் பெர்மோடாலான் நேசனல் நிறுவனம் இலண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்திற்குள் குத்ரியின் பங்குகளை வாங்கி, அந்நிறுவனத்தை மலேசியர் உடைமையாக்கியது. தோட்டத்தின் உடைமையாளர் மாறினார். லயத்து வாழ்க்கையோ உடனே மாறிவிடவில்லை. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தபோதும், நம் மக்கள் நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்தனர். இன்று பல இடங்களில் லயங்கள் இல்லை. மாரியம்மன் கோயிலோ முனியாண்டி சன்னதியோ மட்டும் செம்பனைகளுக்கு நடுவே நிற்கிறது. ஆண்டுத் திருவிழாவன்று மட்டும் பழைய தோட்டத்து மக்கள் நாலா திசைகளிலிருந்தும் அங்கு வந்து கூடுகின்றனர்.

மலைகளும் மழைக்காடும்

முதல் நாளை வரலாற்றுக்கு ஒதுக்கினால், இரண்டாம் நாளை இயற்கைக்கு ஒதுக்கலாம். குளுவாங் நகரின் ஓரத்திலேயே லம்பாக் மலை எழுந்து நிற்கிறது. அதன் உயரம் 510 மீட்டர். அடிவாரத்தில் பொழுதுபோக்குக் காடு உள்ளது. அதிகாலையில் ஏறத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம். வேர்களே படிகளாக அமைந்த செங்குத்தான பகுதிகள் இருப்பதால், பிடிப்புள்ள காலணி கட்டாயம். உச்சியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய உண்மை புலப்படும். கீழே நகரம், அதைச் சுற்றி ஒரே சீரான வரிசையில் செம்பனை, மலையின் மீது மட்டுமே பல வடிவங்களும் பல பச்சைகளும் கொண்ட காடு. ஒரு காலத்தில் ரெங்கம் வரை, அதற்கு அப்பாலும், இவ்வாறுதான் இருந்தது.

பெலுமுட் மலை இன்னும் உயரமானது, 1,010 மீட்டர். இதில் ஏறுவதற்குப் போதிய உடற்பயிற்சியும் முழு நாளும் தேவை. முன்கூட்டியே அனுமதி பெற்று, வழி அறிந்த ஒருவருடன் மட்டுமே ஏற வேண்டும். மலையேற இயலாதவர்கள் அடிவாரத்து ஓடையில் கால் நனைத்துத் திரும்பினாலும் அது நிறைவான பயணமே.

காஹாங் பட்டணம் வழியாகச் சென்றால் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் பேத்தா நுழைவாயிலை அடையலாம். ஜக்குன் பூர்வகுடி மக்கள் அங்கு வாழ்கின்றனர். உப்பே கூலிங் அருவியில், நீர் சுழன்று சுழன்று பாறையில் குடைந்த குழிகளைக் காணலாம். சொட்டு நீரும் நாளடைவில் கல்லைக் கரைக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. 1985, 1986ஆம் ஆண்டுகளில் மலேசிய இயற்கைக் கழகம் நடத்திய அறிவியல் பயணத்தில் ஆய்வாளர்களும் தொண்டர்களும் இக்காட்டின் வளத்தை ஆராய்ந்தனர். மரம் வெட்டுவதிலிருந்து இக்காட்டைக் காக்க வேண்டும் என்ற குரல் அதன்வழி வலுப்பெற்றது. ஒரு காட்டைப் பற்றிய அறிவு, அக்காட்டைக் காக்கும் கவசமாகவும் ஆனது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அருவிகளில் நீர்ப்பெருக்கு எந்த நேரத்திலும் வரலாம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலாக இருந்தாலும், மேலே மலையில் மழை பெய்திருக்கக்கூடும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகுகளும் குச்சிகளும் மிதந்து வந்தாலோ, பொருள்களை எடுக்க நில்லாமல் உடனே கரையேறிவிட வேண்டும். காலில் புண் இருந்தால் தேங்கிய நீரில் இறங்கக் கூடாது. எலியின் சிறுநீர் வழி பரவும் நோய் தொற்றலாம். வெறுங்கையோடு போய்க் குப்பையை விட்டுவிட்டு வருவதும் கூடாது. கொண்டு போனதையெல்லாம் திரும்பக் கொண்டு வர வேண்டும்.

பயணத்திற்கு முன் ஒரு பயணம்

மாணவர்களே, இப்பகுதியைப் படித்ததும் உடனே பையைத் தூக்கிக் கொண்டு கிளம்ப வேண்டாம். முதலில் உங்கள் வீட்டிற்குள்ளேயே ஒரு பயணம் செய்யுங்கள். தாத்தா, பாட்டி அல்லது அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் அருகில் அமருங்கள். “பாட்டி, நீங்க சின்ன வயசுல எந்தத் தோட்டத்துல இருந்தீங்க? எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க? பெரட்டு எங்க நடக்கும்? பள்ளிக்கூடம் எப்படி இருந்துச்சு?” என்று கேளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு முடிக்க முயல வேண்டாம். அவர் சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேட்கவும் வேண்டாம். அவர் அனுமதித்தால் மட்டும் குரலைப் பதிவு செய்யுங்கள். சொன்ன நாளையும் தோட்டத்தின் பெயரையும் தவறாமல் குறித்து வையுங்கள்.

அதன்பிறகு அவரையும் உடன் அழைத்துக் கொண்டு அந்த இடத்திற்குச் செல்லுங்கள். இன்று அது தனியார் நிலமாக இருக்கலாம். ஆதலால், நிர்வாகத்திடம் அனுமதி பெற வேண்டும். “இங்கேதான் பால் நிறுத்தோம். அங்கே ஒரு நாவல் மரம் இருந்தது” என்று அவர் கை நீட்டிக் காட்டுவார். உங்கள் கண்ணுக்குச் செம்பனை மட்டுமே தெரியும். அவர் கண்ணுக்கு ஓர் ஊரே தெரியும். அவர் கண்ணில் இருக்கும் ஊரை உங்கள் ஏட்டில் இறக்கி வைக்க இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது. போர்க்காலத்தை நேரில் கண்டவர்கள் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். கையால் மகரந்தம் தூவியவர்களுக்கும் வயதாகிவிட்டது.

பார்க்க ஒன்றுமில்லாத ஊர் என்று எதுவும் இல்லை. இனி யாராவது “உங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?” என்று கேட்டால், சற்றும் தயங்காமல் சொல்லுங்கள்: “வாருங்கள், இரண்டு நாள் தங்குங்கள், காட்டுகிறேன்.”

அருஞ்சொற்பொருள்

பெரட்டு – வேலைக்கு முன் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் எடுத்தல்
நிரை – ஒருவர் பால் வெட்டும் மர வரிசை
மங்கு – மரத்தில் பால் வடியும் கிண்ணம்
காண்டா – இரு முனையிலும் வாளி தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் தடி
லயம் – தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு
படையணி – ஒரு படைப்பிரிவுக்குள் அடங்கிய போர்க்குழு

சிந்தித்து விடையளித்திடுக

1. இரயில் பாதை ரெங்கம் போன்ற சிறுநகரங்களின் தோற்றத்திற்கு எவ்வாறு காரணமாக அமைந்தது?
2. 22ஆவது இந்தியப் படையணி மற்றப் படைகளிடமிருந்து பிரிந்ததற்கான காரணத்தையும் அதன் விளைவையும் விளக்குக.
3. கூன்வண்டு பெண் பூவை நாடிச் செல்வது ஏன்?
4. “கல் நிற்கும், பலகை உளுத்துப் போகும்” என்று கட்டுரையாளர் கூறுவதன் உட்கருத்து யாது?
5. செம்பனையில் கையால் மகரந்தம் தூவும் வேலை மறைந்தது நன்மையா, இழப்பா? உம் கருத்தைத் தக்க காரணங்களுடன் 80 சொற்களில் எழுதுக.
6. உம் வட்டாரத்தில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு வரலாற்று இடத்தைத் தேர்ந்தெடுத்து, மூத்தவர் ஒருவரை நேர்காணல் செய்து, அவ்விடத்திற்குரிய பெயர்ப்பலகை வாசகத்தை 50 சொற்களில் உருவாக்குக.